அந்த நேரத்தில் தளபதிக்கு என்ன தெரியும்? அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

முதுகலை இரண்டாம் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில், கெட்டிஸ்பர்க் போரில் படைத்தலைமையின் பங்கை ஆராயச் சொல்லிக் கேட்டிருந்த வினாவுக்கு நான் ஆறு பக்கம் எழுதினேன். எந்தத் தளபதி எந்தப் படைப்பிரிவை நடத்தினார், எந்த நாளில் எத்தனை பேர் மாண்டார்கள், யார் எங்கே தவறினார் என்று மனப்பாடமாக இருந்த அனைத்தையும் அதில் கொட்டியிருந்தேன். 20-க்கு 8 மதிப்பெண் வந்தது. மூன்றாம் நாள் தாக்குதலில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் (தென்புலத்தின்) தளபதி லீ பெருந்தவறு செய்தார் என்று நான் எழுதியிருந்த வரிக்கு நேராக, பேராசிரியர் சிவப்பு மையில், "அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். விடைத்தாளைத் திரும்பப் பெற்ற அன்று அந்த வரி எனக்கு வருத்தத்தைத்தான் தந்தது. ஆனால் அதன்பிறகு நான் போர் வரலாறு படித்த முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது. சென்னையில் டிஃபென்ஸ் ஸ்டடீஸ் படிக்கும் தம்பி தங்கையருக்கும், குடிமைப்பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த சில மாதங்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு போருக்கும் ஒரு பெரிய வெள்ளைத்தாளை ஒதுக்கினேன். தாளின் இடப்பக்கம் நிலத்தைக் கையால் வரைவேன்: ஆறு, மேடு, சாலை, காடு, வேலி. வலப்பக்கம் மணிக்கணக்கில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் நேராக, இருதரப்புத் தளபதிகளுக்கும் அப்போது தெரிந்தது எது, தெரியாதது எது என்று தனித்தனியாக எழுதுவேன். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துப் படிக்கும்போது நாம் வானத்திலிருந்து பார்க்கிறோம். இருதரப்புப் படைகளும் ஒரே சமயத்தில் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. களத்தில் நின்ற எவருக்கும் அந்தக் காட்சி கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதும் விடை, முடிவு தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்லும் விடையாகிவிடுகிறது. என் 8 மதிப்பெண் விடை அப்படிப்பட்டதுதான்.

கெட்டிஸ்பர்க்கையே இந்த முறையில் மீண்டும் படித்தபோது அது எனக்கு வேறொரு போராகத் தெரிந்தது. 1863 ஜூலை 1 அன்று சண்டை மூண்டபோது, வடபுலப் படை, அதாவது லிங்கன் அரசின் படை, எங்கெங்கே எவ்வளவு பலத்தோடு இருக்கிறது என்பது லீக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வேவு பார்த்துச் சொல்ல வேண்டிய ஸ்டூவர்ட்டின் குதிரைப்படை பிரிந்து சென்றிருந்தது. ஸ்டூவர்ட் வந்து சேர்ந்தபோது ஜூலை 2 பிற்பகல் ஆகிவிட்டது. முதல் நாள் மாலை, இயலுமானால் செமிட்டரி குன்றைக் கைப்பற்றுமாறு தமக்குக் கீழிருந்த தளபதி யூவெலுக்கு லீ ஆணையிட்டார். யூவெல் இயலாது என்று கருதி நின்றுவிட்டார். இங்கே யூவெலைக் குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் முடிவைக் கீழே இருப்பவரின் அறிவுக்கு விட்டு ஆணையிடும் பழக்கம் லீக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். அவருக்குக் கீழ் தளபதி ஜாக்சன் இருந்தவரை அந்தப் பழக்கம் அவருக்கு வெற்றி தந்தது. சான்சலர்ஸ்வில் போரில் தம் படையினரே இருட்டில் தவறுதலாகச் சுட்டதால் காயமடைந்த ஜாக்சன், 1863 மே 10 அன்று இறந்துவிட்டார். ஆள் மாறிய பிறகும் லீ ஆணையிடும் முறை மாறவில்லை என்பதைத் தேர்வில் எழுதினால், அது தளபதியைப் பற்றிய ஆய்வாகிறது.

நிலத்தை வரைவதன் பயன் இரண்டாம் நாளில்தான் முழுமையாகப் புரியும். வடபுலத் தளபதி மீடின் படை நின்ற கோட்டை வரைந்து பார்த்தால் அது தூண்டில் முள்ளின் வடிவில் வளைந்திருக்கும்: வளைவில் கல்ப்ஸ் குன்றும் செமிட்டரி குன்றும், தண்டாகச் செமிட்டரி மேடு, அடிமுனையில் லிட்டில் ரவுண்ட் டாப். உள்ளே இருந்தவருக்குச் சுமார் 5 கிலோமீட்டர் கோடு. வெளியே சுற்றி நின்ற லீக்குச் சுமார் 8 கிலோமீட்டர். உள்ளே இருப்பவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கே படையை நகர்த்தலாம். வெளியே இருப்பவர் சுற்றித்தான் செல்ல வேண்டும். உட்கோட்டு நன்மை என்று பாடநூலில் நான் பலமுறை படித்தும் மனத்தில் நிற்காத கருத்து, பென்சிலால் அந்த முள்ளை ஒருமுறை வரைந்ததும் நின்றுவிட்டது. அன்று மாலை வாரன் என்ற பொறியாளர் லிட்டில் ரவுண்ட் டாப்பில் ஏறிப் பார்த்தபோது, அங்கே சைகைப் பிரிவினரைத் தவிரப் படை எதுவும் இல்லை. அவர் ஆள் அனுப்பிக் கேட்டதும் வின்சென்ட் தம் படைப்பிரிவை மேலே கொண்டுவந்தார். தாக்குதல் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அவர்களால் அங்கே நிலைகொள்ள முடிந்தது.

மூன்றாம் நாளுக்காக நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பிக்கெட் தாக்குதல் எனப்படும் அன்றைய தாக்குதலில் தென்புலத்தார் சுமார் 12,500 பேர், ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் திறந்த வெளியைக் கடந்து மேட்டை நோக்கி நடந்தார்கள். ஒரு மாலை சேப்பாக்கத்தில் தொடங்கிக் காமராசர் சாலை நடைபாதையில், கைபேசியில் தூரத்தை வைத்துக்கொண்டு, அன்றைய காலாட்படையின் அணிநடைக்கு ஏற்ப நிமிடத்துக்கு 110 காலடி வைத்து நடந்தேன். 1.2 கிலோமீட்டர் முடிய ஏறக்குறைய 15 நிமிடம் ஆயிற்று. நின்று திரும்பிப் பார்த்தால், புறப்பட்ட இடத்தில் நின்றவர்களின் முகம் தெரியவில்லை; உருவம் மட்டும் தெரிந்தது. அந்த 15 நிமிடத்தின் பெரும்பகுதி தொலைப் பீரங்கிக்கு இலக்காக நடப்பது. கடைசி மூன்று நான்கு நிமிடங்கள் துப்பாக்கிக்கும், சிதறு குண்டு நிரப்பிய பீரங்கிக்கும் நேர் எதிரே நடப்பது. இடையில் சாலையோர வேலியை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. சென்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொல்லப்பட்டோ, காயமடைந்தோ, பிடிபட்டோ போனார்கள். அந்த நடைக்குப் பிறகு அந்த எண்ணை என்னால் சாதாரணமாக எழுத முடிந்ததில்லை. உள்நாட்டுப் போர் என்பது நம் மக்களுக்கு வெறும் பாடச்சொல் அன்று. உயிர்ச்சேதக் கணக்கை விளையாட்டு மதிப்பெண்போல எழுதாதீர்கள் என்று எனக்குப் பின்னால் வருபவர்களிடம் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பேராசிரியரின் கேள்விக்கு வருவோம். லீக்கு அப்போது என்ன தெரியும்? முந்தைய நாள் இரு முனைகளையும் தாக்கியிருந்ததால் நடுப்பகுதி பலவீனமாக இருக்கும் என்று அவர் கணித்தார். சுமார் 150 பீரங்கிகள் முழங்கிய பின் எதிர்த்தரப்புப் பீரங்கிகள் ஓய்ந்தன. அவை அழிந்துவிட்டதாகத் தென்புலத்தார் நம்பினார்கள்; உண்மையில் வடபுலப் பீரங்கித் தலைவர் ஹன்ட், வரப்போகும் காலாட்படைக்காகக் குண்டுகளைச் சேமிக்கச் சொல்லியிருந்தார். புகை மண்டியிருந்ததால் தங்கள் குண்டுகளில் பல இலக்கைத் தாண்டி விழுந்ததைத் தென்புலத்தாரால் காண முடியவில்லை. இவ்வளவையும் எழுதிய பிறகும் லீயின் முடிவு தவறு என்றே நான் கருதுகிறேன். அவருக்குக் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட் நேரில் எதிர்த்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆனால் இப்போது அந்தத் தீர்ப்புக்கு என் விடையில் காரணம் இருக்கிறது.

தெரிந்திருப்பதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு என்பதற்கு இரண்டு போர்களை அருகருகே வைத்துப் படியுங்கள். 1862 செப்டம்பர் 13 அன்று, மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த தாளில் லீயின் இயக்க ஆணை வடபுலத் தளபதி மெக்லெல்லன் கைக்குக் கிடைத்தது. எதிரியின் படை பிரிந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் லீயின் பலத்தை உண்மையைவிட மிக அதிகமாகவே எண்ணியிருந்ததால், செப்டம்பர் 17 ஆன்டீட்டம் போரில் தம் படையில் ஒரு கணிசமான பகுதியைச் சண்டையில் இறக்காமல் சேமத்தில் நிறுத்திவைத்தார். ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து 27 கிலோமீட்டர், அதாவது நம் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான ரயில் தூரத்துக்குச் சற்றே குறைவான தொலைவை, ஒரே நாளில் நடந்துவந்த ஏ. பி. ஹில்லின் படை அன்று பிற்பகல் லீயைக் காத்தது. சான்சலர்ஸ்வில்லில் வடபுலத் தளபதி ஹூக்கருக்கும் இதே கதிதான். ஜாக்சன் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் சுற்றி நடந்து வலப்பக்கத்தைத் தாக்க வருகிறார் என்பதற்கான அறிகுறிகள் பகல் முழுவதும் வந்துகொண்டிருந்தன. அதை எதிரியின் பின்வாங்கல் என்று படித்துவிட்டார்கள்.

மாணவர்கள் மிகக் குறைவாகப் படிப்பது, மிசிசிப்பி ஆற்றங்கரையில் தென்புலத்தார் காத்து நின்ற விக்ஸ்பர்க் நகரத்துக்கான போரை. வர்ஜீனியாவின் போர்கள் கதைபோல ஈர்ப்பதால் மேற்குக் களம் பின்தங்கிவிடுகிறது. என் கருத்தில் இந்தப் போரின் சிறந்த படைத்தலைமை அங்கேதான் இருக்கிறது. 1863 ஏப்ரல் 16 இரவில் போர்ட்டரின் வடபுலக் கப்பல்கள் விக்ஸ்பர்க் பீரங்கிகளைக் கடந்து தெற்கே வந்தன. ஏப்ரல் 30-இல் வடபுலத் தளபதி கிராண்ட் புரூயின்ஸ்பர்க்கில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தார். விக்ஸ்பர்க்குக்கு நேராகச் செல்லாமல் கிழக்கே ஜாக்சன் நகரை நோக்கித் திரும்பினார். தென்புலத் தளபதிகளான ஜான்ஸ்டனின் படைக்கும், விக்ஸ்பர்க்கைக் காத்த பெம்பர்டனின் படைக்கும் நடுவே புகுந்து, இரண்டும் சேருவதற்கு முன் தனித்தனியாக அடித்தார். போர்ட் கிப்சன் தொடங்கி பிக் பிளாக் ஆற்றுப் பாலம் வரை 17 நாள்களில் ஐந்து போர்கள். மே 19-இலும் 22-இலும் நேரடித் தாக்குதல் தோற்ற பின்பே முற்றுகையில் இறங்கினார்; ஜூலை 4 அன்று 29,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு நகரம் சரணடைந்தது. இந்த இயக்கத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் வரையும்வரை பயிற்சி செய்யுங்கள். எனக்கு ஆறு நிமிடத்தில் வரைய வந்தது.

நவீன துப்பாக்கியைப் பற்றி ஒரு குறிப்பு. உட்குழல் வரியிட்ட துப்பாக்கி 300 கெஜத்துக்கு மேல் குறிதவறாமல் சுட்டதால் பழைய அணிவகுப்புத் தாக்குதல் பயனற்றதாயிற்று என்று பாடநூல்கள் கூறும். காடும் புகையும் பயிற்சிக் குறைவும் சேர்ந்து பல சண்டைகளை 100 கெஜ அளவிலேயே நிறுத்தின என்று பின்னாளைய ஆய்வாளர் சிலர் மறுத்திருக்கிறார்கள். இரண்டையும் எழுதிவிட்டு, பதுங்குகுழியும் கல்சுவரும் தந்த பாதுகாப்பைச் சேர்த்துச் சொன்னால் விடை கனக்கும்.

தமிழில் தேர்வெழுதுபவர்கள் கலைச்சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். சேமப்படை, பக்கவாட்டுத் தாக்குதல், வழங்கல் வழி என்று முதல் பக்கத்தில் எடுத்த சொல்லைக் கடைசிவரை மாற்றாமல் கையாளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு நம் புறத்திணைப் பெயர்களே உதவின. விக்ஸ்பர்க்கை உழிஞையாகவும், உள்ளே நின்ற பெம்பர்டனை நொச்சியாகவும், கெட்டிஸ்பர்க்கைத் தும்பையாகவும், 1864 நவம்பரில் சுமார் 60,000 பேரோடு அட்லான்டாவிலிருந்து கடலை நோக்கிப் புறப்பட்ட வடபுலத் தளபதி ஷெர்மனை வஞ்சியாகவும் வகுத்துக்கொண்டேன். பகைநாட்டை எரித்தழிப்பதைச் சொல்லும் எரிபரந்தெடுத்தல் என்ற துறை ஷெர்மன் சென்ற வழிக்கு அப்படியே பொருந்தும். இதை விடைத்தாளில் எழுத வேண்டியதில்லை.

குடிமைப்பணித் தேர்வின் பாடத்திட்டம் இந்தப் போரை லிங்கனோடும் அடிமைமுறை ஒழிப்போடும் இணைத்துத்தான் குறிப்பிடுகிறது. அங்கே களத்தை விரிவாக எழுதினால் நேரம் வீணாகும். ஆன்டீட்டம் முடிந்து ஐந்து நாளில், செப்டம்பர் 22 அன்று, லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார் என்ற ஓர் இணைப்பு போதும். பாதுகாப்பியல் மாணவர்களும் இதை மறக்கக் கூடாது. லீயின் திறமையில் மயங்கி, அவர் காத்து நின்ற அரசு அடிமைமுறையைக் காக்கவே பிரிந்தது என்பதை விட்டுவிட்ட விடைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை முழுமையான விடைகள் ஆகா.

முதல் தாளை ஃபிரெடரிக்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் வரைவது எளிது: ஓர் ஆறு, ஓர் ஊர், ஒரு மேடு, மேட்டின் அடியில் ஒரு கல்சுவர். 1862 டிசம்பர் 13 அன்று அந்தச் சுவரை நோக்கி வடபுலத் தளபதி பர்ன்சைட் அலை அலையாகப் படையை அனுப்பினார். வடபுலத்தின் மொத்த இழப்பு 12,000-ஐத் தாண்டியது. மணிப்பட்டியலை அந்த நாளில் ஆரம்பிக்காதீர்கள். அவருடைய முன்னணிப்படை ஆற்றின் எதிர்க்கரைக்கு வந்துவிட்ட நவம்பர் 17-இல் ஆரம்பியுங்கள். அன்று ஊரில் எதிரிகள் மிகக் குறைவு. ஆற்றைக் கடக்க வேண்டிய மிதவைகள் வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒவ்வொரு நாளுக்கும் நேராக, பர்ன்சைட்டுக்கு என்ன தெரிந்திருந்தது, மேட்டில் வந்து நிலைகொண்ட லீக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுதிப் பாருங்கள்.