மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது

சிவகாசியில் அப்பா சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறார். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்கள் (மாதிரிப் படங்களின் தொகுப்பு) வெளியானதும் ஆர்டர் வர ஆரம்பிக்கும். கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டு புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரி, தயார் செய்து வாடிக்கையாளருக்கு மெயிலில் அனுப்புவோம். அவர் பார்த்துவிட்டு 'ஓகே' என்று பதில் போட்டால்தான் அப்பா அச்சுக்கான பிளேட் போடுவார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். போன் நம்பரில் ஒரு எண் மாறி 2,000 காலண்டர் அச்சாகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சு வரும், மெயில் இருந்தால் வராது என்பார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அந்த மெயில் முகவரி இணைய இணைப்பு கொடுத்த நிறுவனமே பல வருடங்களுக்கு முன் தந்தது. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, கடை போர்டு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. ஆவணியில் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் லைனுக்கு மாறினோம். பழைய லேண்ட்லைனை அப்பா விடவில்லை என்பதால் மெயில் கணக்கும் அப்படியே இருந்தது. மறுநாள் காலையிலேயே போன். "மெயில் வருதும்மா, ஆனா போகமாட்டேங்குது." ஏழு புரூஃப் அவுட்பாக்ஸில் நின்றது.

அன்றிரவே சென்னையிலிருந்து பஸ் ஏறினேன். அதற்குள் அப்பா பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை பேசிவிட்டார். முதலில் பேசியவர் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னாராம். இரண்டாமவர் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அப்பா மாற்றவில்லை. மெயில் உள்ளே வருகிறது என்றால் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. அதையும் மாற்றியிருந்தால் வருவதும் நின்றிருக்கும்.

மெயில் வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு தனித்தனி வழிகள். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் நாம் ஒரே கணக்காகப் பார்த்தாலும் வாங்குவதற்கு பாப் அல்லது ஐமேப் சர்வர், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி சர்வர். இரண்டுக்கும் அமைப்பு வேறு, போர்ட் எண், அதாவது சர்வருக்குள் நுழையும் வாசலின் எண், வேறு. ஒன்று நன்றாக ஓடுவதை வைத்து இன்னொன்றும் சரி என்று நினைக்க முடியாது.

அனுப்பும் சர்வரின் அமைப்பைத் திறந்தேன். போர்ட் 25, பாதுகாப்பு 'இல்லை', பாஸ்வேர்டு 'தேவையில்லை'. பார்த்ததுமே பாதி புரிந்தது. அந்தக் காலத்தில் சொந்த லைனிலிருந்து வருகிற மெயிலை நிறுவனத்தின் சர்வர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. இப்போது நாம் வேறு நிறுவனத்தின் லைனிலிருந்து வருகிறோம். அதற்கு நாம் வெளி ஆள்.

ஆனாலும் சர்வர் நம்மைத் திருப்பி அனுப்புகிறதா, அல்லது நாம் சர்வர் வரை போகவே இல்லையா என்று தெரிய வேண்டும். ஒரு சர்வரின் போர்ட்டோடு நேரடியாகப் பேசிப் பார்க்க உதவும் டெல்நெட், விண்டோஸில் வழக்கமாக அணைந்திருக்கும், அதை முதலில் ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் டெல்நெட், சர்வர் பெயர், 25 என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இணைக்க முடியவில்லை என்றது. அப்புறம் என் போன் ஹாட்ஸ்பாட்டில் அதையே செய்தேன், அதிலும் அப்படித்தான். பிறகு ஃபைபருக்கே திரும்பி, 25-க்குப் பதில் 587 என்று அடித்தேன். உடனே 220 என்று தொடங்கும் ஒரு வரி வந்து நின்றது. சர்வர் உயிரோடு இருக்கிறது, பேசவும் தயாராக இருக்கிறது. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அந்த வரியைக் காட்டினேன். "அப்ப மெஷின் கெடலையா?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது.

வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் போர்ட் 25 வழியாகக் குப்பை மெயிலை அள்ளிவிடுவதால் பல இணைய நிறுவனங்கள் அதை வெளியே போகாமல் மூடிவிடுகின்றன. நம்மைப் போல மெயில் அனுப்புகிறவர்களுக்கென்று 587-ஐ 1998-லேயே ஒதுக்கிவிட்டார்கள். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போக வேண்டிய வாசல் அது.

போர்ட்டை 587 என்று மாற்றினேன். இப்போது பிழை மாறியது: 530, அடையாளம் காட்ட வேண்டும் என்று. பிழை மாறினால் அது முன்னேற்றம்தான். பாதுகாப்பை 'ஸ்டார்ட்-டிஎல்எஸ்' (சாதாரணமாகத் தொடங்கி, பிறகு இணைப்பைப் பூட்டும் முறை) என்றும், அடையாளத்துக்கு 'சாதாரண பாஸ்வேர்டு' என்றும் வைத்தேன். இந்த இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 587-க்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ், மெயில் அனுப்பும் இன்னொரு போர்ட்டான 465-க்குத் தொடக்கத்திலேயே பூட்டும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். மாற்றிப் போட்டால் பிழை எண்கூட வராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

அடுத்து 535, பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்றது. பாஸ்வேர்டு அப்பாவுக்கு நினைவில்லை. தண்டர்பேர்டில் சேமித்த பாஸ்வேர்டுகள் பகுதியில் பாப் சர்வருக்கு நேராக இருந்தது, அதை எடுத்துப் போட்டேன். மறுபடியும் 535. அரை மணி நேரம் அங்கேயே நின்றது. பாப் சர்வருக்கு @ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதி மட்டுமே பயனர் பெயராக இருந்தது, நான் அதையே இங்கும் போட்டிருந்தேன். அனுப்பும் சர்வருக்கு முழு முகவரி வேண்டுமாம். மூன்றாவது முறை போன் செய்தபோது எடுத்தவர் ஒரே கேள்வியில் இதைப் பிடித்துவிட்டார். "மேடம், எர்ரர் நம்பர் என்ன வருது?" என்றுதான் கேட்டார். முதல் இரண்டு அழைப்பிலும் அப்பா 'போகவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தார், யாரும் எண்ணைக் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் சித்தப்பா மகன் நல்ல எண்ணத்தில் ஒரு குறுக்கு வழி செய்திருந்தான். தன் ஜிமெயில் கணக்கை அனுப்பும் சர்வராகப் போட்டு இரண்டு புரூஃப் அனுப்பிவிட்டான். மெயில் போனது, ஆனால் ஜிமெயில் அனுப்புநர் முகவரியைத் தன் கணக்கின் முகவரியாக மாற்றிவிடும். மதுரை பாத்திரக்கடைக்காரர் போன் செய்து, "அண்ணாச்சி, யாரோ பேர்ல உங்க புரூஃப் வந்திருக்கு, நீங்கதானா?" என்று கேட்டார். எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறோமோ அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகவே போவதுதான் நல்லது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் உண்மையானவரா என்ற சோதனையைக் கடுமையாக்கிவிட்டன. அந்த முகவரியின் பேரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து போனால் ஸ்பேமில் விழலாம், திரும்பியே வந்துவிடலாம்.

முழு முகவரியைப் போட்டதும் எழுத்து மட்டும் உள்ள சோதனை மெயில் போய்விட்டது. அப்பா கையைத் தட்டினார். பிறகு புரூஃப் அனுப்பினால் 552. அளவு அதிகமாம். பிடிஎஃப் 8 எம்பிதான், சர்வரின் வரம்பு 10 எம்பி என்று மூன்றாமவர் சொல்லியிருந்தார். மறுபடி டெல்நெட்டில் நுழைந்து, சர்வருக்கு வணக்கம் சொல்லும் ஈஹெலோ என்ற கட்டளையை அடித்தேன். சர்வர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் 250 வரிசையில் பட்டியலிடும். அதில் 'சைஸ் 10485760' என்றிருந்தது. சரியாக 10 எம்பி. ஆனால் இணைப்புக் கோப்பு மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும், வரி முடிவுகளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 8 எம்பி கோப்பு கிட்டத்தட்ட 11 ஆகிறது. அதாவது நமக்கு உண்மையான வரம்பு ஏழு எம்பி சொச்சம்.

புரூஃபுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) படம் தேவையில்லை, எழுத்தும் எண்ணும் படிக்க முடிந்தால் போதும். டிடிபி போடும் தம்பி படங்களை 150-க்குக் குறைத்து பிடிஎஃப் எடுத்தான். 2 எம்பிக்குள் வந்தது.

அவுட்பாக்ஸில் நின்ற ஏழு மெயிலிலும் புது பிடிஎஃப் வைத்து அனுப்பினோம். சர்வர் பெயர், 587, ஸ்டார்ட்-டிஎல்எஸ், முழு முகவரி என்று நான்கு வரி அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். மாலை ஐந்து மணிக்கு மதுரையிலிருந்து பதில் வந்தது. "ஓகே. போன் நம்பர்ல கடைசி எண் 6 இல்ல, 9." அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த மெயிலை அப்படியே பிரிண்ட் எடுத்து ஆர்டர் ஃபைலில் வைத்தார்.