ஸ்பாட் வெல்டு பிடித்ததா? பிரிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துச் செய்த ஸ்பாட் வெல்டர் (இரண்டு தகடுகளை ஒரே புள்ளியில் மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் கருவி) இப்போது 0.5 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகடு இரண்டை ஒழுங்காகப் பிடிக்கிறது. (காயலான் கடை மைக்ரோவேவைப் பிரிக்கப் போகிறவர்கள் முதலில் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லும்.) அடுத்த வேலை, வெல்டு உள்ளே எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

மேலே பார்த்துச் சொல்லவே முடியாது. நல்ல வெல்டு, மோசமான வெல்டு இரண்டிலும் அதே நீலக் கறுப்பு வளையம், அதே குழி, ஆனால் பிளையரால் உரித்தால் ஒன்று 'டப்'பென்று விட்டுவிடும், இன்னொன்று ஒரு தகட்டில் ஓட்டையைப் போட்டுவிட்டு மற்றதில் பொத்தான் மாதிரி நிற்கும். அந்தப் பொத்தானின் விட்டம் குறைந்தது 4√t (t என்பது மி.மீ.யில் தகட்டின் தடிமன்) வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 0.5 மி.மீ. தகட்டுக்குச் சுமார் 2.8 மி.மீ.

வெப்பம் I²Rt: I மின்னோட்டம், R மின்தடை, t இங்கே நேரம். நேரத்தை டைமர் பார்த்துக்கொள்ளும், வெல்டு நடக்கும்போது மாறிக்கொண்டே இருப்பது R தான், அதனால் அதையே அளக்கலாம் என்று இறங்கினேன். வோல்ட்டேஜை அளக்கச் செம்பு முனைகளில் இரண்டு மெல்லிய ஒயர், மின்னோட்டத்தை அளக்கக் கேபிளைச் சுற்றி இரும்பு இல்லாத ரோகோவ்ஸ்கி சுருள்; முன்னதைப் பின்னதால் வகுத்தால் R. தலைவலி என்னவென்றால், பக்கத்திலேயே அவ்வளவு மின்னோட்டம் ஓடும்போது ஒயரில் தூண்டப்படும் வோல்ட்டேஜும் கணக்கில் கலந்துவிடும். ஒயர்களை முறுக்கியதும் பாதி குறைந்தது. மீதிக்கு வழி சுருளிலேயே இருக்கிறது: அது காட்டுவது மின்னோட்டம் மாறும் வேகம், ஆக அது பூஜ்யமாகும் நொடியில் மின்னோட்டம் உச்சியில் இருக்கும், தூண்டலும் இருக்காது. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அந்த இடத்தில் மட்டும் அளந்தால் போதும்.

வளைவு அழகாக வந்தது! தொட்டதும் மேற்பரப்பு மேடுகள் நசுங்கி R சரிகிறது, சூடேற ஏற ஏறுகிறது, ஒரு திமில், அப்புறம் உலோகம் உருகிப் பரவ மறுபடி இறக்கம். உரித்ததும் விட்டுப்போனவற்றில் திமிலுக்குப் பின் இறக்கமே இல்லை. பொறி பறந்தவற்றில் R படக்கென்று செங்குத்தாக விழுகிறது, உருகியது வெளியே தெறித்துவிட்டது என்று அர்த்தம்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் இந்தக் கதை அப்படியே ஓடாது, துத்தநாகம் முதலில் உருகிக் குழப்புகிறது, செம்பு முனையோடும் கலந்து பித்தளை ஆகிவிடுகிறது. அதற்குத் தனியாக உட்கார வேண்டும். இப்போதைக்கு எம்.எஸ்.ஸில் இறக்கம் தொடங்கியதும் ரிலே தானாக நிற்கும்படி புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.