ரிமோட்டில் ரவுட்டரைத் தொடும் முன்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். வேறு ஊரில் இருக்கும் சிஸ்கோ ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) வழியாக ஆக்சஸ் லிஸ்டை (எந்த டிராஃபிக்கை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) மாற்றப் போகிறீர்களா? முதலில் 'ரீலோட் இன் 10' அடித்துவிடுங்கள்.

சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் என்டர் தட்டிய நொடியே கட்டளை அமலுக்கு வந்துவிடும். ஒரு வரி தப்பினால் உங்கள் இணைப்பே அறுந்துபோகும், திருத்த உள்ளே நுழைய முடியாது. ஆனால் 10 நிமிடம் கழித்து ரவுட்டர் தானாக ரீபூட் ஆகி, ஏற்கெனவே சேமித்த ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கோடு (துவங்கும்போது படிக்கும் அமைப்புகள்) எழுந்து வரும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் சேவ் செய்ய 'ரைட் மெமரி'. சோதித்துப் பார்க்கும் முன்பே சேவ் செய்துவிட்டால் தப்பான கான்ஃபிக்தான் திரும்பி வரும், அதனால் அவசரப்படாதீர்கள்.

இன்னொரு கம்பெனியான ஜூனிபரின் ரவுட்டரில் இது இன்னும் அழகு. 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்துவிட்டு 10 நிமிடத்துக்குள் மறுபடி கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) செய்யாவிட்டால், ரீபூட்டே இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, சிஸ்கோ ஸ்விட்சின் ட்ரங்க் போர்ட், அதாவது பல விலான்களை (தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) ஒரே இணைப்பில் சுமக்கும் போர்ட். எந்த விலான்கள் போகலாம் என்று ஏற்கெனவே பட்டியல் போட்ட போர்ட்டில் விலான் 30-ஐச் சேர்க்கும்போது 'அலவ்ட் விலான் ஆட் 30' என்றே அடியுங்கள். 'ஆட்' விட்டுப்போனால் பழைய பட்டியல் மொத்தமும் போய் 30 மட்டும் நிற்கும். எர்ரர் எதுவும் வராது. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.