எட்டடி வேலிக்குள் நிற்பது யாருடைய மான்?

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், கெர்வில் நெருங்க நெருங்க வேலிகளின் உயரம் கூடிக்கொண்டே போவது தெரியும். மாட்டுப் பண்ணைக்கு நான்கடி முள்கம்பி போதும். மான் அதை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஆனால் இந்தப் பக்கம் மைல் கணக்கில் எட்டடி உயர வலைக்கம்பி வேலி ஓடுகிறது. மானை உள்ளே நிறுத்திவைக்கப் போட்டது அது. சில இடங்களில் வேலியின் வெளிப்புறத்தை ஒட்டி ஒற்றையடித் தடம் ஒன்று தேய்ந்து கிடக்கும். ஓடைக்கோ ஓக் மரத்தடிக்கோ பழகிய வழியில் வந்த மான்கள், போக வழியில்லாமல் வேலியோரமாகவே நடந்து நடந்து உண்டாக்கிய தடம்.

நான் தூத்துக்குடி மாவட்டக்காரன். வல்லநாட்டு மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பள்ளி நாட்களில் பேருந்தில் போகும்போது ஒரு மானாவது கண்ணில் படுமா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போவோம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த எங்களுக்கு வேட்டை என்றாலே குற்றம். அந்த மனதோடுதான் டெக்சாஸுக்கு வேலைக்கு வந்தேன். அதை மாற்றியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேசன் கவுன்ட்டியில் ஒரு மாட்டுப் பண்ணையில் நான்கைந்து குடும்பங்களோடு சேர்ந்து வேட்டைக் குத்தகை வைத்திருந்தார். நவம்பரின் முதல் சனிக்கிழமை இங்கே மான் பருவம் தொடங்கும். கூட வருகிறாயா என்று அவர்தான் கேட்டார்.

வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் வாங்க வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த எல்லோருக்கும் அந்தச் சான்றிதழ் கட்டாயம். டெக்சாஸ்வாசிக்கு உரிமம் 25 டாலர்தான். அதோடு மானில் கட்ட வேண்டிய காகிதச் சீட்டுகளும் கிடைக்கும். அவர்களுடைய கூடாரம் பழைய தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் நிறையக் கொம்புகள். எதுவும் பிரமாதமான கொம்பு கிடையாது. பெரும்பாலும் ஆறு கிளை, எட்டுக் கிளை. ஒவ்வொன்றின் அடியிலும் பலகையில் பேனாவால் பெயரும் வருஷமும் எழுதியிருந்தார்கள். பெரியவரின் அப்பா சுட்டது, மகள் பதினொரு வயதில் சுட்டது, இப்போது உயிரோடில்லாத நண்பர் கடைசியாகச் சுட்டது. அந்தச் சுவரில் யாரும் எதையும் இன்ச் போட்டு அளந்திருக்கவில்லை.

கறிதான் அவர்களுக்கு முக்கியம். இந்த மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழக்கத்தில் வந்தது மான்கறி சாசேஜ். பன்றிக்கொழுப்பும் மிளகும் பூண்டும் சேர்த்து அரைத்து, குடலில் அடைத்து, புகையில் தொங்கவிடுவார்கள். பருவம் வந்தால் சின்ன ஊர்களில்கூட கறிவெட்டும் கடை வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மிஞ்சிய கறியை உணவு வங்கிகளுக்குத் தருகிறவர்களும் உண்டு. பெரியவர் கொடுத்த தொடைக்கறியை நாங்கள் சின்ன வெங்காயமும் மல்லியும் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தோம். கொழுப்பே இல்லாத கறி. நிதானமாக வேகவிட்டால் நன்றாக இருக்கிறது.

சரி, வேலிக்கு வருகிறேன்.

டெக்சாஸ் சட்டத்தில் வெள்ளைவால் மான் மாநில மக்கள் எல்லோருக்கும் சொந்தமானது. என் நிலத்தில் மேய்ந்தாலும் அது என் மான் ஆகாது. நிலத்துக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமை மட்டும்தான் எனக்கு. இந்தக் கொள்கைக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறிக்கும் தோலுக்கும் சந்தையில் விற்க மான்களைக் கொன்று குவித்ததில், 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சில லட்சம் வெள்ளைவால் மான்கள்தான் மிஞ்சின. காட்டு மான்கறி விற்பனையைத் தடுத்தார்கள், பருவம் வகுத்தார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிடித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுத்தது. இன்று கோடிக்கணக்கில் மான்கள் இருப்பதற்கு இதெல்லாம் காரணம். உரிமக் கட்டணமும் வரியும் கட்டி மானை மீட்டவர்கள் பெரியவரைப் போன்ற சாதாரண வேட்டைக்காரர்கள்தான்.

அந்தப் பொதுச் சொத்தைப் பட்டியில் அடைத்து வளர்க்க மாநிலமே அனுமதியும் கொடுக்கிறது. மான் வளர்ப்பு உரிமம் என்று தனியாக ஒன்று. காதில் அடையாள வில்லை, புரதம் கூட்டிய தீவனம், குழல்களில் உறையவைத்த விந்து, செயற்கைக் கருவூட்டல், பெயர் வைத்த பொலி மான்கள், ஏலம், வம்சாவளிப் பட்டியல் என்று அது முழுக்க முழுக்கக் கால்நடைத் தொழிலாகிவிட்டது. மான் நோய்க் கட்டுப்பாட்டு விதிகளை எதிர்த்து வளர்ப்பாளர்கள் போட்ட வழக்கில், பட்டியில் வளரும் மானும் மக்களின் சொத்துதான் என்று 2019-இல் ஆஸ்டினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் ஏலம் நிற்கவில்லை.

விற்பனை கொம்புக்கு. காட்டில் ஓர் ஆண் மான் ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும்போது கொம்பை உதிர்த்து, வசந்தத்தில் மறுபடி வளர்க்கும். முழு அளவு கொம்பு வர ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும். அதற்குள் வறட்சி, கொயோட்டி என்ற சிறு ஓநாய், வாகனம், வேட்டைக்காரன் எல்லாவற்றிலும் தப்பியிருக்க வேண்டும். அதனால்தான் காட்டில் பெரிய கொம்பைப் பார்த்தால் மரியாதை வருகிறது. 1993-இல் கனடாவின் சஸ்காட்சுவனில் மிலோ ஹான்சன் சுட்ட மான் 213 இன்ச்சைக் கொஞ்சம் தாண்டியது. கொம்பின் நீளம், கிளைகள், சுற்றளவு எல்லாவற்றையும் அளந்து கூட்டிய கணக்கு இது. ஒழுங்கான கொம்பமைப்பு உள்ள வெள்ளைவால் மான்களில் முப்பது ஆண்டுக்கு மேலாக முறியடிக்கப்படாத சாதனை அது. பட்டிகளில் இரண்டு வயது மானே 200 இன்ச்சைத் தாண்டிவிடுகிறது. விளம்பரப் படங்களைப் பார்த்தால் தலையில் முள்புதர் முளைத்ததுபோல் இருக்கும். அந்தக் கனத்தைத் தூக்கி நிற்கும் மானைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த மான்களை வாங்கி உயர வேலிக்குள் விட்டுக் காசுக்குச் சுடவிடும் வேட்டைப் பண்ணைகளில் விலைப் பட்டியல் இன்ச் கணக்கில் இருக்கும். 200-க்கு மேல் என்றால் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப்தான் இந்த இன்ச் அளவுமுறையை உண்டாக்கியது. அதே கிளப், தப்பிக்க வழியில்லாத வேலிக்குள் சுட்ட மானைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. வேட்டைப் பண்ணைக்காரர்கள் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

யாரோ பணக்காரர் தன் நிலத்தில் வேலி போட்டு வளர்த்த மானைச் சுட்டால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம் என்று என் அலுவலக நண்பர்கள் கேட்பதுண்டு. பெரியவருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். அவர்களுடைய குத்தகை நிலத்துக்கு அடுத்த பண்ணை கைமாறியது. வாங்கியவர் சுற்றிலும் எட்டடி வேலி போட்டார். ஓடை அந்தப் பக்கம் போய்விட்டது. மழை இல்லாத வருஷங்களில் இந்த நிலத்து மான்களுக்கு அந்த ஓடைதான் தண்ணீர். வேலி மூடிய அன்று உள்ளே நின்ற மான்கள் எல்லாம் சட்டப்படி பொதுச் சொத்து, நடைமுறையில் அவருடைய இருப்பு. இரண்டு பருவங்களில் இந்தப் பக்கம் மான் நடமாட்டம் குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. பிறகு இவர்களுடைய நில உரிமையாளரும் வேட்டைப் பண்ணைகள் வாங்கும் பணத்தைப் பார்த்துக் குத்தகையை ஏற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மாட்டில் வரும் வருமானத்தில் நில வரிகூடக் கட்ட முடியாத நிலை. இரண்டு குடும்பங்கள் விலகின. மீதிப் பேர் பங்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. கொட்டகைச் சுவரிலிருந்த கொம்புகளைக் கழற்றி அட்டைப் பெட்டிகளில் வைத்துக் கட்டினோம்.

டெக்சாஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தனியார் நிலம். மேற்கு மாநிலங்களைப் போல, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் இறங்கப் பெரிய அரசுக் காடு கிடையாது. 48 டாலர் கட்டினால் பொது வேட்டை நிலங்களுக்குப் போகலாம், நல்ல இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. குத்தகை போனால் மெக்கானிக்குக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மிஞ்சுவது அதுதான்.

எனக்கு அதைவிட அதிகக் கோபம் நோயின் விஷயத்தில். சி.டபிள்யூ.டி. என்று இங்கே சொல்லும் மான் தேய்வு நோய், 1967-இல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சிப் பட்டியில் முதலில் கவனத்துக்கு வந்தது. ப்ரியான் என்ற கோணலான புரதத்தால் வருவது. மருந்தில்லை, தடுப்பூசியில்லை, வந்த மான் பிழைப்பதில்லை. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சமையல் சூட்டில் அழியாது. தொற்றியபின் ஒன்றரை, இரண்டு வருஷம் வரை மான் பார்க்க நன்றாகவே இருக்கும். அதற்குள் அதை டிரெய்லரில் ஏற்றி நானூறு மைல் தள்ளி விற்றுவிடலாம். காட்டு மான் தன் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நடக்காது.

டெக்சாஸில் 2012-இல் மேற்குக் கோடியில் ஹுவேகோ மலையில் மியூல் டீர் என்ற வேறு வகை மான்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். 2015-இல் சான் அன்டோனியோவுக்குப் பக்கத்திலேயே மெடினா கவுன்ட்டியில், ஒரு வளர்ப்புப் பட்டியில் வந்தது. அதற்குப்பின் பட்டி பட்டியாக. நோய் உறுதியானால் வழக்கமாக மந்தை முழுவதையும் கொல்கிறார்கள். கெர் கவுன்ட்டியில் அரசே நடத்திய ஆராய்ச்சி மந்தையிலும் 2024-இல் நோய் தெரியவந்து அத்தனை மானையும் அழித்தார்கள். கொம்பும் மரபும் பற்றிச் சுமார் ஐம்பது ஆண்டு நடந்த ஆய்வு அதோடு முடிந்தது.

நோய் வந்த பட்டியைச் சுற்றிலும் நோய்க் கண்காணிப்பு மண்டலம் அறிவித்திருந்தார்கள். அங்கே ஒருமுறை பெரியவரோடு சோதனை நிலையத்துக்குப் போனேன். ஊர் ஓரத்தில் ஒரு கூடாரம், ஸ்டீல் மேஜை. கையுறை போட்ட இளம்பெண் மானின் தலையைத் திருப்பிவைத்து, தொண்டையைக் குறுக்கே கீறி, இரண்டு பக்கமும் விரலை விட்டு அவரைக்கொட்டை அளவிலான நிணநீர்க் கட்டிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். எண் போட்ட ரசீது கொடுத்தாள். முடிவு வரும்வரை கறியைத் தனியாக உறையவைத்துக் காத்திருக்க வேண்டும். மனிதருக்கு இந்நோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அரசின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. பெரியவர் தன் பேத்திக்கு அந்தக் கறியைக் கொடுக்கத் தயங்கியதைப் பார்த்தேன். நான்கு தலைமுறை யோசிக்காமல் சாப்பிட்ட கறி.

வேலி போட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வருமானம் இல்லாமல் வீட்டு மனைகளாகத் துண்டாகியிருக்க வேண்டிய நிலங்களை வேட்டைப் பணம் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் ஊர் வெளிமானும் புள்ளிமானும் 1932 வாக்கில் இந்த மலைப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவை. பாகிஸ்தானில் அழிந்துபோன வெளிமானை மறுபடி வளர்க்க 1970-களில் டெக்சாஸிலிருந்துதான் அனுப்பினார்கள். வல்லநாட்டில் ஜன்னலோரம் தேடிய மானை விலைப் பட்டியலில் படத்தோடு பார்ப்பது எனக்கு வேதனைதான், ஆனால் அந்த உதவியை மறைத்துப் பேச மாட்டேன். அப்புறம், டெக்சாஸ் வேட்டையே பரண் கட்டி, தானியங்கிப் பெட்டியிலிருந்து மக்காச்சோளம் தூவி, மான் வரும்வரை காத்திருப்பதுதான். அதில் சவால் குறைவு என்று சொல்பவர்களை மறுக்க முடியாது. ஆனால் அங்கே மான் வராமல் போகலாம். பெரியவர் பல நாள் வெறுங்கையோடு திரும்பி வந்து காபி போட்டிருக்கிறார்.

மற்ற மாநிலங்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மொன்டானாவில் 2000-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிய மான் பண்ணைகளையும், இருக்கிற பண்ணைகளில் காசுக்குச் சுடுவதையும் மக்களே நிறுத்தினார்கள். மிசோரியில் அடைத்து வளர்க்கும் மானும் வனவிலங்குதான், அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் வனத்துறை ஆணையத்துக்கு உண்டு என்று 2018-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. டெக்சாஸில் வளர்ப்பு மானை வெளியே விடுவதற்கு முன் உயிரோடிருக்கும்போதே சோதிக்க வேண்டும் என்ற விதி 2021-இல்தான் வந்தது. வளர்ப்பாளர்கள் அதற்கே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நான் கேட்பது மொன்டானா அளவுக்குக்கூட இல்லை. வளர்ப்புப் பட்டிகளுக்கு இரட்டை வேலி போடட்டும், உள்ளே இருக்கும் மானும் வெளியே நிற்கும் மானும் கம்பி வழியே மூக்கோடு மூக்கு உரசக் கூடாது. ஊர்விட்டு ஊர் மான் ஏற்றிப் போவது நிற்கட்டும். நோய் கண்காணிப்புக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு உரிமக் கட்டணத்திலிருந்தும் துப்பாக்கி வரியிலிருந்தும் போகிறது. பெரியவரின் 25 டாலரும் அதில் இருக்கிறது. அந்தச் செலவை இன்ச்சுக்கு இவ்வளவு என்று விற்கிறவர்கள் தங்கள் ஏலப் பணத்திலிருந்து கட்டட்டும்.