மொம்பாசாவில் ஒரு சவுக்குத் தோப்பு

மொம்பாசாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் பெயர் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னை 'மாமா நிலா' என்று கூப்பிட ஆரம்பித்தார். நிலா என் மகள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. பிள்ளையின் பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் இங்கே மரியாதை. இதைப் போனில் சொன்னதும், வேதாரண்யத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வெயிலும் உப்புக்காற்றும் தேங்காயும் மீனும் எங்கள் ஊரில் உள்ளவைதான். ஆனாலும் ஐந்து மாதம் வீடு, பள்ளிக்கூடம், கடை என்றே ஓடியது. நிலாவுக்கு ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டு அதைக் காட்டவில்லை என்றால் எப்படி? நைரோபியில் ஒட்டகச்சிவிங்கிகளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அருகிப்போன ரோத்ஸ்சைல்ட் வகையைக் காப்பாற்ற 1979-ல் லெஸ்லி-மெல்வில் தம்பதி தொடங்கிய அமைப்பு அதை நடத்துகிறது. ஆனால் நைரோபி ஏறக்குறைய 500 கிலோமீட்டர். "அதுக்கு ஏன் நைரோபி? பம்புரிக்கு மட்டாட்டு பிடி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மட்டாட்டு என்பது நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன், பாட்டுச் சத்தம் மட்டும் பத்து மடங்கு.

அந்தப் பம்புரியில், மாலிந்தி சாலையில் இருக்கிறது ஹாலர் பார்க் என்ற விலங்குப் பூங்கா. உள்ளே நுழைந்ததும் என்னை நிறுத்தியது விலங்கு எதுவும் இல்லை, சத்தம். உய்... என்று மெல்லிய இரைச்சல். தலையைத் தூக்கினால் சவுக்கு! ஊரை விட்டு வந்தபின் முதன்முதலாக அழுகை முட்டியது அங்கேதான். நிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த இடம் முன்பு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரி. பழைய பவளப்பாறையை வெட்டி வெட்டி, உப்புத்தண்ணீர் தட்டும் ஆழம்வரை போய்விட்டார்கள். மிஞ்சியது மண்ணே இல்லாத வெள்ளைப் பொட்டல். 1971-ல் ரெனே ஹாலர் என்ற சுவிஸ் வேளாண் வல்லுநர் அதில் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். தாக்குப்பிடித்தவை மூன்றுதான்: சவுக்கு, தென்னை, அப்புறம் சோமாலியாப் பக்கத்து டமாஸ் மரம். சவுக்கும் இந்த ஊர் மரமில்லை என்கிறார்கள். நம் கடற்கரைக்கும் அது வெளியூரிலிருந்து வந்ததுதானே.

சவுக்கு வளர்ந்தது, சருகும் கொட்டியது. ஆனால் சருகு மக்கவில்லை. அதில் துவர்ப்பு அதிகம், சாதாரணப் பூச்சி புழு வாய் வைக்காது. அதைத் தின்னும் ஓர் உயிரை ஹாலர் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார்: சிவப்புக் கால் மரவட்டை. அது தின்று போட்ட எச்சம்தான் இங்கே மண்ணானது. மண் சேரச் சேர உள்ளூர் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் விலங்குகள். வழிகாட்டித் தம்பி ஒன்றை எடுத்து நிலாவின் உள்ளங்கையில் விட்டார். தொட்டதும் சுருண்டது. "ரயில் பூச்சி!" என்று கத்தினாள். நான் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துவிட்டார். இங்கே பெரிய மரவட்டைக்கு 'மொம்பாசா ட்ரெயின்' என்றே பெயராம்.

மூன்று மணிக்குத் தீனி நேரம். மேடையில் ஏறி நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் முகம் நம் முகத்துக்கு நேரே வருகிறது. கையில் தந்த தீவன உருண்டைகளை நீட்டினேன். கத்தரிக்காய் நிறத்தில், அரை மீட்டர் நீள நாக்கு, உப்புத்தாள் போல உள்ளங்கையை வழித்துக்கொண்டு போனது. கஞ்சித்தண்ணீர் மாதிரி கொழகொழவென்று எச்சில். நிலா முதலில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். நாலாவது தடவை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றாள். இந்த இனம் 2016 முதல் அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

முதலை, மீன்குளம் எல்லாம் வேகமாகக் கடந்தோம். ஆமைகள் இருந்த இடத்தில் அந்தத் தம்பி ஒரு கதை சொன்னார். 2004 டிசம்பர் சுனாமியின்போது மாலிந்திக்கு அருகே கடலில் தனியாகச் சிக்கிய நீர்யானைக் குட்டியை மீட்டு இங்கே கொண்டுவந்தார்களாம். அதற்கு ஓவன் என்று பெயர். அது ம்ஸே என்ற கிழட்டு ஆமையைத் தாயாக நினைத்து ஒட்டிக்கொண்டதாம். ம்ஸே என்றால் பெரியவர். "எங்க ஊருக்கும் வந்துச்சுன்னு சொன்னியே, அந்தத் தண்ணியாம்மா?" என்றாள் நிலா. அதேதான். எங்கள் பக்கத்து நாலுவேதபதியில் 2002-ல் நட்ட மரங்கள்தான் அன்று அந்த ஊரைக் காத்தன. தம்பியிடம் இதைச் சொல்ல என் சுவாஹிலி போதவில்லை. "போலே" என்றார் அவர். வருத்தம் தெரிவிக்கும் சொல்.

இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவ்வளவு சவுக்கு இருக்கே, சருகை யாருடி அரிக்கிறா?"

"மரவட்டைம்மா."

"நல்லா இருக்கு போ. இங்க நான் அரிக்கிறேன்."