ஆணுறை விளம்பரமும் இரவு பத்து மணியும்

2017 டிசம்பர் 11 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஆணுறை விளம்பரங்களை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மட்டுமே ஒளிபரப்ப வேண்டும் என்று தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. குழந்தைகள் பார்க்கத் தகாதவை என்பது சொல்லப்பட்ட காரணம். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பிய பின், பெண்களைக் காட்சிப் பொருளாக்காமல் பாதுகாப்பான உடலுறவு பற்றித் தகவல் தரும் விளம்பரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று அதே மாதத்தில் அமைச்சகமே தெளிவுபடுத்தியது. இந்தத் தெளிவுரை பலருடைய காதுக்கு எட்டவில்லை. பத்து மணி என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. 1991இல் காமசூத்ரா என்ற ஆணுறை அறிமுகமானதிலிருந்து தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் இன்பத்தையே விற்று வந்திருக்கின்றன. நோய்த்தடுப்பும் கருத்தடையும் அவர்கள் விளம்பரங்களில் அரிதாகவே பேசப்படுகின்றன. குடும்பத்தோடு சாப்பிட உட்காரும் வேளையில் அத்தகைய காட்சி வந்தால் பெற்றோருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஆபாசமான விளம்பரங்களைத் தடுக்க 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இடம் இருக்கிறது. அந்த விதியை எல்லாப் பொருளுக்கும் ஒரே சீராகப் பயன்படுத்தியிருக்கலாம். உடல் நறுமணத் தெளிப்பான் விளம்பரங்களில் பெண்ணுடல் எப்படிக் காட்டப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; அந்தப் பொருளை ஒட்டுமொத்தமாக இரவுக்குத் தள்ள யாருக்கும் தோன்றவில்லை.

இதே நாட்டில் 1968இல் அரசின் நிரோத் ஆணுறை அறிமுகமானபோது, தேயிலையும் சோப்பும் பேட்டரியும் விற்ற பெரிய நிறுவனங்களின் விநியோக வண்டிகளில்தான் அது ஊர் ஊராகப் போனது. மூன்று ஆணுறைகள் 15 காசுக்கு மளிகைக் கடையிலும் பெட்டிக்கடையிலும் கிடைத்தன. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தையும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகத்தையும் பள்ளிக்கூடச் சுவரிலும் பேருந்திலும் படித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. மக்கள்தொகையைக் குறைப்பது அரசின் தேவையாக இருந்தவரை, கருத்தடையைப் பட்டப்பகலில் பேச அரசுக்குத் தயக்கம் இருந்ததில்லை. தனி மனிதர்கள் தம் உடலைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு மாறும்போதுதான் கூச்சம் வந்து சேர்கிறது. 1930 வாக்கிலேயே பெரியார் ‘குடி அரசு’ இதழில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார்: மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிக் கருத்தடையை ஆதரிக்கிறார்கள், நாமோ பெண்களின் விடுதலைக்காகவே அதைக் கோருகிறோம் என்பது அவர் வாதம்.

நான் சில ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றினேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் மரத்தால் செய்த மாதிரியை வைத்து ஆணுறையைப் போட்டுக் காட்டுவது அந்த வேலையின் ஒரு பகுதி. திருமணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள ஆண்கள்கூட, உறையில் காலாவதித் தேதி இருப்பதை அங்குதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் வலுவிழந்து கிழிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று தவறாக நம்பியவர்கள் இருந்தார்கள். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து வெப்பத்தில் கெட்டுப்போனதை எடுத்துக் காட்டியவர்களும் இருந்தார்கள். முனையை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்ற ஒரு வரியை எந்த விளம்பரமும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அங்கே வந்த ஒரு பெண், கணவர் வெளியூர் வேலைக்குப் போய் வருபவர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: “இதை நான் சொன்னா, ‘உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது, என் மேல சந்தேகமா’ன்னு கேப்பாரு மேடம். டிவியில சொன்னா அவரே பாத்துக்குவாரு.” பொது விளம்பரத்தின் பயனை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. வீட்டுக்குள் மனைவி வாய் திறந்தால் அது குற்றச்சாட்டாகிறது. எல்லோருக்குமாகச் சொல்லப்படும்போது யார் மீதும் பழி விழுவதில்லை. அதிகாலையில் எழுந்து வேலைக்கு ஓடும் அவரைப் போன்றவர்களின் வீடுகளில் பத்து மணிக்குத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்காது.

இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. மருத்துவர் சுனிதி சாலமன் குழுவின் பணி அது. பின்னர் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி தமிழகத்தின் தெருவெல்லாம் ஒட்டப்பட்டது. அது கேலிக்கு இடம் கொடுத்தது, தொற்றுள்ளவர்களை ஒழுக்கம் கெட்டவர்களாகப் பார்க்கும் பார்வைக்கும் துணைபோனது என்பது என் கருத்து. ஆனாலும் அதுவரை வாயில் வராத பேச்சை டீக்கடை வரை கொண்டு சேர்த்தது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணுறையைச் சார்ந்திருப்போர் 9.5 சதவீதம்; ஆண்களின் கருத்தடை அறுவை 0.3 சதவீதம். ஆண்களிடம் பேசாமல் இருந்ததன் சுமை யார் உடலில் இறங்கியிருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்ற கவலைக்கும் பதில் உண்டு. சானிடரி நாப்கின் விளம்பரம் கூடத்துக்குள் வந்தபோதும் பிள்ளைகள் கேட்டார்கள், தாய்மார்கள் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். “குழந்தை பிறப்பதைத் தள்ளிப்போடவும் நோய் பரவாமல் இருக்கவும் பெரியவங்க பயன்படுத்துறது” என்ற பதில் ஏழு வயதுக்குப் போதும். பதின்மூன்று வயதில் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லத்தான் வேண்டும்.

மாலைச் செய்தியின் இடைவேளையில் அரசே முப்பது விநாடி எடுத்துக்கொள்ளட்டும். கணவனும் மனைவியும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் காட்சி போதும்: தேதியைப் பார், எண்ணெய் தடவாதே, ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்தாதே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.