600 டிகிரி பெயின்ட் எஞ்சின் முழுவதுக்கும் அல்ல

பைக் எஞ்சினுக்கு டச்-அப் பெயின்ட் கேட்டால், பெரும்பாலான கடைகளில் எடுத்துக் கொடுப்பது '600 டிகிரி தாங்கும்' என்று அச்சடித்த ஸ்ப்ரே கேன். சூடு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நல்லது என்று நம்பி, எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க் கேஸ், க்ளட்ச் கவர், உச்சியில் இருக்கும் ஹெட் எல்லாவற்றுக்கும் அதையே அடித்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கார்புரேட்டர் ஒரு தடவை ஒழுகினால் போதும், பெட்ரோல் ஓடிய தடத்தில் பெயின்ட் வழிந்து வந்து அலுமினியம் பளிச்சென்று தெரியும்.

அந்தப் பெயின்ட்டில் இருப்பது சிலிகான் பிசின். காற்றில் காயும்போது கையில் ஒட்டாத நிலைக்குத்தான் வரும். முழுதாக இறுக 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கிராங்க் கேஸ் ஓட்டத்தில் ஏறுவதே 100 டிகிரி அளவுக்குத்தான். ஆக, அங்கே அடித்த சிலிகான் பெயின்ட் எத்தனை வருஷம் ஆனாலும் அரைவேக்காடாகவே கிடக்கும். அதே பெயின்ட் சைலன்சரின் பெண்ட் பைப்பில் அருமையாக நிற்கிறது, ஏனென்றால் எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் போர்ட்டை ஒட்டிய பகுதி 400 டிகிரியைத் தாண்டும்.

அதனால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அந்த இடம் எவ்வளவு சுடும், அதன்மேல் என்ன சிந்தும் என்ற இரண்டும்தான் முதல் கேள்வி. பெண்ட் பைப்புக்கு சிலிகான் பெயின்ட், அடியில் சாதாரண பிரைமர் கூடாது. பிரைமர் கருகினால் மேலே இருப்பதும் சேர்ந்து உரியும். ஹெட், அதன் கீழே பிஸ்டன் ஓடும் பேரல், கிராங்க் கேஸ், கவர்களுக்கு 250 முதல் 300 டிகிரி தாங்கும் எஞ்சின் எனாமல். இது 100 டிகிரி அளவிலேயே இறுகிவிடும், இறுகிய பின் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும். சேசிஸ், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டுக்கு எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்ட்டான 2கே-வும். பிரேக் ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றியும் 2கே-தான். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பட்டால் சாதாரண பெயின்ட் கொப்பளித்துக் கிளம்பும். 2கே மேல் அந்த ஆயில் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இன்னொன்று, 2கே ஹார்டனரில் மூச்சுக்குழாயைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

உலோகத்தையும் கவனியுங்கள். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் பேரல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பேரலில் துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டலாம். அதே பிரஷ்ஷை அலுமினியத்தில் போட்டால் இரும்புத் துகள் பதிந்து, மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும். அலுமினியத்துக்கு நைலான் ஸ்க்ரப்பர், பிறகு 320, 400 நம்பர் எமரி பேப்பர். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தையே அரித்துக் கருப்பாக்கும். உரித்து வெறும் உலோகம் தெரியும் கவர்களுக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரை மெல்லிசாக அடியுங்கள், அடியிலிருக்கும் உலோகம் லேசாகத் தெரிந்தால் சரியான அளவு. ஹெட்டுக்கும் பேரலுக்கும் என்றால் சூடு தாங்கும் பிரைமர், இல்லாவிட்டால் பிரைமரே வேண்டாம். சொட்டையை மறைக்க எஞ்சினில் பட்டி போடாதீர்கள், சூட்டில் வெடித்து விழும்.

பெயின்ட் உரிவதற்குப் பாதிக் காரணம் அடியில் மிச்சமிருக்கும் எண்ணெய்தான். முதலில் ஆயில் கசிவை நிறுத்துங்கள். கசியும் கேஸ்கெட் ஓரத்தில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தகடு மாதிரி படர்ந்து வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பின் சுத்தமான துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தால் போதும். அப்போது பழைய பெயின்ட்டின் நிறம் துணியில் இறங்கினால் அது லாக்கர் வகை. அதன்மேல் எனாமலோ 2கே-வோ அடித்தால் சுருங்கிக்கொள்ளும். உரித்துவிட்டே அடியுங்கள்.

அடிக்கும் முன் ஸ்பார்க் பிளக் துளை, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் துளை, ஆயில் பார்க்கும் கண்ணாடி, கேஸ்கெட் முகம், எர்த் ஒயர் போல்ட் அமரும் இடம், மவுன்டிங் போல்ட் முகம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். எர்த் இடத்தில் பெயின்ட் ஏறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். போல்ட் முகத்தில் ஏறினால் அது நசுங்கி போல்ட் தளரும்.

கேனுக்குள் இருக்கும் சின்னக் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு 2 நிமிடம் குலுக்குங்கள். 25 செ.மீ. தூரம், மெல்லிய 3 கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 நிமிடம். ஹெட், பேரலைச் சுற்றி சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்களில் முதலில் சாய்வாகப் பிடித்து உள்பக்கப் பள்ளங்களை முடித்துவிட்டு வெளி விளிம்புக்கு வாருங்கள். தடிமனாக ஏற்றினால் சூடு வெளியேறுவது குறையும். சித்திரை வெயிலில் காய்ந்த இரும்பில் அடித்தால் பெயின்ட் வழியிலேயே உலர்ந்து எமரி மாதிரி சொரசொரக்கும். ஐப்பசி அடைமழையில் லாக்கர் வெளுத்துப்போகும். காலை 8 மணி வாக்கில், ஈரம் விலகிய நேரம் நல்லது.

சில்வரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'குரோம் சில்வர்' என்று விற்பது எஞ்சினில் பொம்மை மாதிரி மின்னும், விரலால் தேய்த்தால் பொடியும் வரும். கம்பெனி சில்வர் மங்கலானது, மணல் மாதிரி மெல்லிய சொரசொரப்பு உண்டு. டின் மூடியில் அடித்து, காயவிட்டு, வண்டிப் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பாருங்கள். சில்வரைத் திட்டுத் திட்டாக ஒட்டவைக்க முடியாது, பெயின்ட்டில் உள்ள உலோகத் துகள் படியும் கோணம் மாறி வட்டமாகத் தெரியும். ஒரு கவர் என்றால் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அடிக்க வேண்டும். கருப்பில் மட்டும் சின்னக் கீறலுக்கு வழி உண்டு: கேன் மூடிக்குள் கொஞ்சம் அடித்து, கெட்டியாக 2 நிமிடம் விட்டு, தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். எஞ்சின் கருப்பு பெரும்பாலும் பாதி மினுமினுப்புதான், முழு கிளாஸ் வாங்கினால் திட்டு தனியாகத் தெரியும்.

எனாமல் ஒரு நாள் காய்ந்த பின், எஞ்சினை 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி முழுதாக ஆறவிடுங்கள். அடுத்து 20 நிமிடம், மறுபடி ஆறவிடுவது, அப்புறம் ரோட்டில் ஒரு ஓட்டம். பெண்ட் பைப்புக்கும் இதே முறைதான், முதல் ஓட்டத்தில் புகையும் நாற்றமும் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். இந்தச் சூட்டு ஓட்டங்கள் முடியும் வரை பெட்ரோல் தொட்ட துணி அங்கே படக்கூடாது. முழுதாக ஆறிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பெட்ரோல் துணியை வைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் வரவில்லை என்றால் இறுகிவிட்டது. வந்தால் இன்னொரு சூட்டு ஓட்டம் பாக்கி.